மனவடு நோய்க்கு எந்தச் சிகிச்சை: மாத்திரையா, பேச்சா, எழுத்தா?

விபத்து, பாலியல் வன்முறை, போர், சுனாமி போன்ற ஒன்றைக் கடந்து வந்தவர், மாதக்கணக்கில் உறக்கமின்றியும், சிறு ஓசைக்கும் திடுக்கிட்டும், நடந்ததை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் விட்டு விலகியும் வாழும்போது, வீட்டார் முதலில் கேட்பது இது நோயா என்பதைத்தான். மருத்துவர் ஆம் என்று சொன்னதும், எந்தச் சிகிச்சையை நாடுவது என்ற அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. இந்தக் கட்டுரை அந்த அடுத்த கேள்வியைப் பற்றியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் முதன்முறையாக இடம்பெற்ற இந்த நோயை, ஈழத்து மருத்துவ எழுத்தில் வழங்கும் 'மனவடு' என்ற சொல்லாலேயே இங்குக் குறிப்பிடுகிறேன். நோயாளியிடமும் அவருடைய தாயிடமும் தயங்காமல் சொல்லக்கூடிய சொல் அது.

தேர்வு தொடங்குவதற்கு முன்பே ஒரு தவறு நேர்ந்துவிடுவதுண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் தனிச் சிகிச்சை எதுவும் இல்லாமலேயே சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டினால்தான் நோய் என்று கணிப்பதற்கு அதுவே காரணம். ஆனால் 'மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில், நிகழ்வு நடந்த சில நாட்களிலேயே ஒரே அமர்வில் அத்தனையையும் சொல்ல வைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் அதைச் சோதித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாதங்களுக்குப் பிறகு, அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் பேச வைக்கப்படாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் மனவடு நோய் இருந்தது. பேச வைக்கப்பட்ட குழுவினருக்குத் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கடுமையாக இருந்ததால், முழுப் பழியையும் அந்த அமர்வின் மீது சுமத்த முடியாது. ஆயினும் அது தடுப்பு மருந்தாகப் பயன்படவில்லை என்பதைப் பிற்பாடு வந்த தொகுப்பாய்வுகளும் உறுதி செய்தன. முதல் மாதத்தில் தேவைப்படுபவை பாதுகாப்பு, உணவு, உறக்கம், உடன் இருக்கும் உறவுகள் ஆகியவையே. அவர் தாமாகப் பேச முன்வந்தால் கேட்க வேண்டும். பேச மறுத்தால் வற்புறுத்தக் கூடாது.

ஒரு மாதம் கடந்தும் நோய் நிற்கிறது என்றால், பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் கிடைப்பது மாத்திரைச் சீட்டுதான். அதைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளில் செர்ட்ரலின், பராக்ஸெட்டின் ஆகிய இரண்டுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கென்றே ஒப்புதல் அளித்திருக்கிறது. வென்லஃபாக்ஸினுக்கும் போதிய ஆய்வுச் சான்று உண்டு. இவை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். குமட்டல், பாலுறவு நாட்டக் குறைவு போன்ற தொல்லைகள் சிலருக்கு வரும். மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தோன்றும். இது பராக்ஸெட்டினில் கூடுதல். பல ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரையைவிட இம்மருந்துகள் சிறந்தவை என்பது உறுதியே என்றாலும், அந்த வேறுபாடு பெரிதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2013-இல் தந்த வழிகாட்டுதலில், பேச்சுவழிச் சிகிச்சை கிடைக்காதபோது, அல்லது அது பலன் தராதபோது, அல்லது மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போது இந்த மருந்துகளை எண்ணிப் பார்க்கலாம் என்று கூறியது.

இங்கு ஓர் ஆய்வை மட்டும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது பேச்சுச் சிகிச்சையின் பக்கம் சாய்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களை நிதானிக்க வைக்கிறது. அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பேச்சுச் சிகிச்சையும் செர்ட்ரலினும், இன்னொன்றுக்குப் பேச்சுச் சிகிச்சையும் வெற்று மாத்திரையும், மூன்றாவது குழுவுக்குச் செர்ட்ரலினும் மருத்துவரின் அக்கறையான தொடர் கவனிப்பும் தந்தார்கள். 2019-இல் வெளியான முடிவில், 24 வாரங்களுக்குப் பின் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, மாத்திரையைத் தேர்ந்தெடுத்தவர் தோற்றவர் அல்லர் என்பதையே. ஆனால் அந்த மூன்றாவது குழுவுக்குக் கிடைத்தது வெறும் மாத்திரையன்று. ஒவ்வொரு வருகையிலும் நேரம் ஒதுக்கிக் கேட்ட மருத்துவரும் கூடவே கிடைத்தார். இரண்டு நிமிடங்களில் முடியும் புறநோயாளிச் சந்திப்போடு அதை ஒப்பிட முடியாது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவோர் உண்டு என்பதையும், பேச்சுச் சிகிச்சையில் பெற்ற பலன் அது முடிந்த பிறகும் பெரும்பாலும் நிலைக்கிறது என்பதையும் அந்த 24 வாரக் கணக்குக் காட்டாது.

உறக்க மாத்திரைகளைப் பற்றிய முடிவு இதைவிட எளிது. அல்பிரசோலம், குளோனசெபம், டயஸிபாம் போன்றவற்றை மனவடு நோய்க்குத் தர வேண்டாம் என்று முக்கிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அன்றிரவு தூங்க வைக்கும் இவை, நோயைக் குறைப்பதில்லை. பழக்கமாகி அடிமைப்படுத்தவும் கூடும். கெட்ட கனவுகளுக்குப் பெரிதும் நம்பப்பட்ட பிரசோசின் என்ற இரத்தக் கொதிப்பு மருந்தும், 304 முன்னாள் படைவீரர்களிடம் சோதிக்கப்பட்டு 2018-இல் முடிவு வந்தபோது, வெற்று மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. சிலருக்கு அது உதவுவதாக மருத்துவர்கள் இன்னும் கருதுவதால், அதை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது.

இனி, பேச்சுவழிச் சிகிச்சைகள். பொதுவான ஆறுதல் பேச்சும் உளவளத்துணையும் நல்லவை என்றாலும், ஆய்வுகளில் முன்னால் நிற்பவை நடந்த நிகழ்வையே நேராகத் தொடும் சிகிச்சைகள்தான். அவற்றில் இரண்டு மிக விரிவாகச் சோதிக்கப்பட்டவை. முதலாவது, எட்னா ஃபோவா பென்சில்வேனியாவில் உருவாக்கிய தொடர் எதிர்கொள்ளல். வாரம் ஒருமுறை, 90 நிமிடங்கள், 8 முதல் 15 அமர்வுகள். நோயாளி கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோல் நிகழ்காலத்தில் சொல்லுகிறார், அது ஒலிப்பதிவாகிறது, வீட்டில் தினமும் அதையே கேட்கிறார். கூடவே, அவர் ஒதுக்கி வந்த பாதுகாப்பான இடங்களுக்கும் செயல்களுக்கும், எளிதானதில் தொடங்கிக் கடினமானது வரை படிப்படியாகத் திரும்பிச் செல்கிறார். பேருந்து விபத்தில் தப்பியவர் முதலில் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பார், பிறகு நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் ஏறி இறங்குவார், அதன்பின் ஒரு நிறுத்தம் வரை பயணிப்பார். நினைவு என்பது வேறு, ஆபத்து என்பது வேறு என்று உடல் கற்றுக்கொள்ளும் வரை இது நடக்கும்.

இரண்டாவது, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகப் பட்ரீஷியா ரெசிக் 1980-களின் இறுதியில் வடிவமைத்த எண்ணச் சீராய்வுச் சிகிச்சை. இதில் பன்னிரண்டு அமர்வுகள். இங்கே நிகழ்வைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, அந்த நிகழ்வு மனத்தில் ஆழ ஊன்றிவிட்ட முடிவுகளை ஆராய்வதே வேலை. 'நான் அந்த வழியில் போயிருக்கக் கூடாது', 'யாரையும் நம்பக் கூடாது', 'நான் கெட்டுப்போனவள்' போன்ற எண்ணங்களை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, அதற்கான சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று நோயாளியே கேட்டுப் பார்க்கிறார். பாதுகாப்பு, நம்பிக்கை, அதிகாரம், மதிப்பு, நெருக்கம் என்று வாழ்வின் ஐந்து தளங்களில் இந்த ஆராய்ச்சி நகர்கிறது. ஊரும் உறவும் பாதிக்கப்பட்டவர் மீதே பழி போடும் சமூகத்தில், குற்றவுணர்வை நேராகக் கையாளும் இந்த முறைக்குத் தனி மதிப்பு உண்டு என்பது என் எண்ணம்.

இரண்டில் எது மேல்? அமெரிக்காவின் 17 மருத்துவ மையங்களில் 916 முன்னாள் படைவீரர்களை வைத்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. தொடர் எதிர்கொள்ளல் சற்று முன்னே இருந்தது. ஆனால் அந்த வேறுபாடு நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். என் கண்ணை நிறுத்தியது வேறு ஓர் எண். முதலாவதில் 55.8 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 46.6 விழுக்காட்டினரும் சிகிச்சையை முடிக்காமலே நின்றுவிட்டார்கள். அதாவது, உலகின் மிகச் சிறந்தவை என்று சொல்லப்படும் இரண்டு சிகிச்சைகளில், தேர்ந்த சிகிச்சையாளர்கள் கையாண்ட ஆய்விலேயே, ஏறக்குறைய பாதிப்பேர் நடுவழியில் இறங்கிவிடுகிறார்கள். முடித்தவர்களுக்கும் முழு விடுதலை கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது: படைத்துறையினரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டின் மதிப்பீடு, இச்சிகிச்சைகளைப் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இறுதியிலும் நோய் எஞ்சியிருந்ததாகக் கண்டது. அறிகுறிகள் குறைவதும் நோய் அகல்வதும் ஒன்றன்று. இதைச் சிகிச்சையாளர் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கண் அசைவோடு நடக்கும் இ.எம்.டி.ஆர். மூன்றாவது. ஃபிரான்சின் ஷபீரோ 1989-இல் இதன் முதல் ஆய்வை வெளியிட்டார். நோயாளி துயர நினைவை மனத்தில் நிறுத்தியபடியே சிகிச்சையாளரின் இடவலமாக அசையும் விரலைக் கண்ணால் தொடர்கிறார். அந்தக் கண் அசைவு தேவைதானா, அல்லது நினைவை எதிர்கொள்வதுதான் வேலை செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட வாதம் உண்டு. நோயாளியின் பார்வையில் அந்த வாதத்தைவிட முக்கியமானது, இதில் வீட்டுப்பாடமும் இல்லை, நடந்ததை விரிவாக வாய்விட்டுச் சொல்லும் கட்டாயமும் இல்லை என்பதே. சொல்லவே நா எழாதவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. உலக நலவாழ்வு நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் 2018 வழிகாட்டுதலும் ஏற்கிறது, ஆனால் போர்க்களத்தில் உண்டான மனவடுவுக்கு அல்லாமல் பிறவற்றுக்கே.

இடையில் நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு, எழுத்துவழி எதிர்கொள்ளல் என்ற சிறிய முறையை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ஐந்தே அமர்வுகள். ஒவ்வொன்றிலும் நோயாளி அரைமணி நேரம் தம் நிகழ்வைப் பற்றிக் கையால் எழுதுகிறார், சிகிச்சையாளர் முன்னும் பின்னும் சிறிது நேரம் பேசுகிறார், வீட்டுப்பாடம் இல்லை. இதை 126 பேரிடம் பன்னிரண்டு அமர்வுகள் கொண்ட எண்ணச் சீராய்வோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டபோது, பலனில் இது பின்தங்கவில்லை. நடுவில் நின்றவர்கள் இதில் 6.3 விழுக்காடு, மற்றதில் 39.7 விழுக்காடு. ஒரு மருத்துவமனைக்கு வருவதற்கு இரண்டு பேருந்துகள் மாற வேண்டியவர், கூலி வேலையில் ஒருநாள் சம்பளத்தை இழக்க வேண்டியவர் ஆகியோரின் கணக்கில் ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. எழுதப் பழகாதவருக்கு இந்த வழி பொருந்தாது என்பதே இதன் வெளிப்படையான எல்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகளில், முடிந்துபோன ஓர் ஆபத்தைப் பற்றி, பயிற்சி பெற்ற நிபுணர்கள் நடத்திய ஆய்வுகள். போரும் இடப்பெயர்வும் வறுமையும் தொடரும் இடத்தில், மாவட்டத்துக்கு ஓரிரு மனநல மருத்துவர்களே இருக்கும் இடத்தில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு மிக நேர்மையான விடை, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு உருவாக்கிய வாழ்வுரைச் சிகிச்சையில் கிடைப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தரையில் ஒரு கயிற்றை விரிக்கிறார்கள். அதுதான் அவருடைய வாழ்க்கை. நல்ல நிகழ்வுகளுக்குப் பூ, கொடியவற்றுக்குக் கல். பிறப்பிலிருந்து தொடங்கி, கல் இருக்கும் ஒவ்வோரிடத்திலும் நின்று, எங்கே, எப்போது, யார், என்ன கேட்டது, உடலில் என்ன உணர்ந்தார் என்று கால வரிசையில் சொல்ல வைத்து எழுதுகிறார்கள். இறுதியில் அந்த முழு வாழ்க்கை வரலாறும் அவர் கையில் தரப்படுகிறது. பல ஆண்டுகளாகப் பல கொடுமைகளைச் சந்தித்தவரிடம் 'உங்களை மிகவும் பாதித்த ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்' என்று கேட்பதில் இருக்கும் பொருத்தமின்மை இதில் இல்லை.

உகாண்டாவின் நகிவாலே அகதிகள் குடியிருப்பில் 277 ருவாண்டா, சோமாலிய அகதிகளிடம் நடந்த ஆய்வில், சிகிச்சையை நடத்தியவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்ற சக அகதிகளே. 2008-இல் வெளியான அந்த முடிவின்படி, வாழ்வுரைச் சிகிச்சை பெற்றவர்களில் 70 விழுக்காட்டினரும், நெகிழ்வான உளவளத்துணை பெற்றவர்களில் 65 விழுக்காட்டினரும், வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் 37 விழுக்காட்டினரும் நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். கிழக்குக் காங்கோவில் பாலியல் வன்முறைக்குத் தப்பிய 405 பெண்களிடம், ரெசிக்கின் எண்ணச் சீராய்வையே எழுத்தறியாதவர்களும் மனப்பாடம் செய்யும்படி எளிமையாக்கி, குழுவாக நடத்தினார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்கள் குழுச் சிகிச்சையில் 9 விழுக்காடு, தனி ஆதரவு மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காடு. மனவடு நோயிலும் இதையொத்த வேறுபாடே தெரிந்தது. பட்டம் பெற்ற நிபுணர் இல்லாததால் சிகிச்சையே இல்லை என்று கைவிரிக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை இரண்டும் போதிய சான்று.

இலங்கையின் வடகிழக்கிலிருந்து வந்த சான்று சிறியது, ஆனால் சிந்திக்க வைப்பது. 2004 சுனாமிக்குப் பின் ஒரு முகாமில், போரையும் கடலையும் கண்ட 31 பிள்ளைகளில் ஒரு பாதியினருக்குக் குழந்தைகளுக்கான வாழ்வுரைச் சிகிச்சையும், மறு பாதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள் தந்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் முதல் குழுவில் 81 விழுக்காடும், இரண்டாவதில் 71 விழுக்காடும் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சை எதுவும் பெறாத மூன்றாவது குழு இல்லாததால், இதில் எவ்வளவு சிகிச்சையால், எவ்வளவு காலத்தால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், நினைவைத் தொட அஞ்சும் பிள்ளையை மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்கச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்க இது இடம் தருகிறது.

எல்லாத் துயரத்தையும் மனவடு நோய் என்று கொள்வதும் தேர்வைத் திசை திருப்பும். போர் முடிந்த 2009-இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பில் மனவடு நோயின் அறிகுறிகள் இருந்தோர் 7 விழுக்காடு; மனச்சோர்வு 22.2, பதற்றம் 32.6 விழுக்காடு. அதாவது பலருக்குத் தேவைப்பட்டது நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சையன்று. பாகிஸ்தானின் பெஷாவரில் 346 பேரிடம், சாதாரண நலப்பணியாளர்கள் ஐந்து அமர்வுகளில் நடத்திய பிரச்சினை தீர்க்கும் பயிற்சி, பதற்றத்தையும் சோர்வையும் குறைத்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகையவர்களுக்கு அது பொருந்தும். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் துயரமோ இரண்டிலும் அடங்காது. அவருடைய நிகழ்வு இன்னும் முடியவில்லை. எதிர்கொள்ளலுக்கு அங்கே ஒரு முடிவுப் புள்ளியே இல்லை. தனி மனிதருக்கான சிகிச்சை மட்டும் போதாது, குடும்பமும் சமூகமும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதி வந்திருப்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது.

எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளின் துணையோடு பேச்சுச் சிகிச்சை தரும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2023-இல் வெளியான 104 பேர் ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 71.2 விழுக்காட்டினர் நோய் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள், பெறாதவர்களில் 47.6 விழுக்காடு. எண்கள் ஈர்க்கின்றன. ஆனால் தமக்கு மருந்து தரப்பட்டதா இல்லையா என்பதை ஏறக்குறைய எல்லோரும் உணர்ந்துவிடுவதால், எதிர்பார்ப்பின் விளைவையும் மருந்தின் விளைவையும் பிரிக்க முடியவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தர மறுத்தது. இன்று நோயுற்றிருப்பவர் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு நான் என்ன சொல்வேன்? சிகிச்சையின் பெயரைவிட, அது எந்த மொழியில் நடக்கும் என்பதை முதலில் கேளுங்கள் என்பேன். கனவு வரும் மொழியில் அதைச் சொல்ல முடியாவிட்டால் எந்த முறையும் பாதிதான். வெளிநாட்டில் வாழ்வோருக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடும் இது இயலும். ஜெர்மனியில் புகலிடம் கோரியோரிடம் வாழ்வுரைச் சிகிச்சை அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது. அடுத்து, பத்துப் பன்னிரண்டு வாரங்கள் தவறாமல் வர முடியுமா என்பதை நோயாளியே சொல்லட்டும். முடியும் என்றால், குற்றவுணர்வு மேலோங்கியவருக்கு எண்ணச் சீராய்வையும், அச்சமும் விலகலும் மேலோங்கியவருக்குத் தொடர் எதிர்கொள்ளலையும் முன்வைப்பேன். இது ஆய்வுகள் தந்த கட்டளையன்று, என் சாய்வு. முடியாது என்றால் ஐந்து அமர்வு எழுத்துமுறை. பேசவே இயலாதவருக்கு இ.எம்.டி.ஆர். ஆழ்ந்த சோர்வோடு இருப்பவருக்கும், பயிற்சி பெற்ற எவரும் எட்டும் தூரத்தில் இல்லாதவருக்கும் செர்ட்ரலினைத் தள்ளிப்போட வேண்டாம். தற்கொலை எண்ணம் இருந்தால் இந்த ஒப்பீடு முழுவதும் பிறகு, முதலில் பாதுகாப்பு. இந்தியாவில் 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தொடங்கிய பிறகு, 20 கேள்விகள் கொண்ட, 0 முதல் 80 வரை மதிப்பெண் தரும் அறிகுறிப் பட்டியலைச் சில வாரங்களுக்கு ஒருமுறை நிரப்பத் தரும்படி சிகிச்சையாளரிடம் கேளுங்கள். தேறுகிறோமா என்பதை ஊகத்துக்கு விட வேண்டாம். முதல் சில வாரங்களில் கனவுகள் கூடலாம், கோபம் கூடலாம். அப்போது வீட்டார் 'இதெல்லாம் வேண்டாம், கிளறாதே' என்று நிறுத்திவிடுவதும், நோயாளி யாரிடமும் சொல்லாமல் அடுத்த வாரம் போகாமல் இருந்துவிடுவதும் வழக்கம். அந்த வாரம் ஒருமுறை மட்டும் போய், 'நிறுத்திவிட நினைக்கிறேன்' என்று நேரில் சொல்லிவிடுங்கள். அமர்வைச் சுருக்கலாம், நடையைத் தளர்த்தலாம், வேறு முறைக்கு மாறலாம். அந்தப் பேச்சை எதிர்பார்த்துத்தான் தேர்ந்த சிகிச்சையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.